மயக்கத்தின் காரணத்தைப் பிடிக்கும் லூப் ரெக்கோடர்: வைக்க முன்னும் வைத்த பின்னும்

மயங்கி விழுந்தவர் வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் எழும்பி இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். நாடி சரி, பிரசர் சரி, இ.சி.ஜி. சரி. சீனி பார்த்தால் அதுவும் சரி. ஒரு நாள் வார்ட்டில் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று துண்டு கொடுத்து விடுவார்கள். சில மாதம் கழித்துக் கிணற்றடியிலோ பஸ் நிலையத்திலோ திரும்பவும் விழுவார். விழுந்த அந்த அரை நிமிடத்தில் இதயம் என்ன செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த அரை நிமிடத்தைப் பிடிப்பதற்குத்தான் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்து, இதயத் துடிப்பை இடைவிடாமல் பதியும் சின்னக் கருவியான லூப் ரெக்கோடர்.

24 மணி நேரம் உடம்பில் கட்டிவிடும் ஹோல்டர் என்ற இ.சி.ஜி. கருவி இதற்குப் போதாது. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை விழுகிறவர் சரியாக ஹோல்டர் கட்டிய நாளில் விழ வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? ஹோல்டரில் ஒன்றும் இல்லை என்றால், அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது மட்டும்தான் பொருள். இதயம் நல்லது என்ற அத்தாட்சி அல்ல அது. 2001இல் கனடாவில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வழமையான பரிசோதனைகளால் 20 வீதமானோருக்கும், லூப் ரெக்கோடரால் 52 வீதமானோருக்கும் காரணம் கிடைத்தது. இரண்டாவது தொகையையும் கவனியுங்கள். கருவி வைத்தும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு விடை வரவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கருவியை இரண்டு விதமாகத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். வைத்துவிட்டால் இனி மயக்கம் வராது என்பது ஒன்று. கருவி எல்லாவற்றையும் தானே பிடிக்கும், வீட்டுக்காரர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பது மற்றது. முதலாவது எண்ணம் ஆளுக்கு ஆபத்து. இரண்டாவதால் பதிவு வீணாகிறது.

கருவிக்கு முன்னால்

நல்லூர்த் தேரன்று விரதத்தோடு வீதி மணலில் வெயிலில் நெடுநேரம் நின்று, வியர்த்து, ஓங்காளித்து, கண் இருட்டி விழுந்த இருபது வயதுப் பிள்ளைக்கு லூப் ரெக்கோடர் தேவையில்லை. கதையிலேயே காரணம் இருக்கிறது. ஊசி போடும்போது, இரத்தம் கண்டபோது, நெருக்கமான சனத்துக்குள் நின்றபோது வருகிற மயக்கமும் அப்படித்தான். தண்ணீர், சாப்பாடு, வரப்போகிறது என்று தெரிந்தவுடன் இருந்துவிடுவது அல்லது படுத்துவிடுவது, கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் கைப்பிடியையும் இறுக்குவது என்று சொல்லிக் கொடுத்தால் பலருக்கு அதுவே போதும்.

வயதானவர்களில் முதலில் பார்க்க வேண்டியது நின்று அளக்கும் பிரசர். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழும்பி நின்று 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அல்லது மேல் எண் 90க்குக் கீழே போனால், நிற்கும்போது பிரசர் இறங்குகிறது. இதை அளப்பதில் நடக்கும் பெரிய பிழை, கதிரையில் இருந்தவரை எழுப்பி அளப்பது. மற்றது, காலை தேத்தண்ணீரும் சாப்பாடும் முடித்து கிளினிக்குக்கு வந்த பிறகு பத்து மணிக்கு அளப்பது. ஆள் விழுவதோ விடியப்புறம் நாலு மணிக்கு, சலம் கழிக்க வெளியே போகும்போது. இரவில் பிரசருக்குப் பிரசோசினும் சலப்பைக்கு டாம்சுலோசினும் சேர்த்துக் குடிக்கிற ஐயாவுக்கு அந்த நேரத்துப் பிரசரைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பிரசர் மெசின் இருந்தால் ஓரிரு நாள் விடியப்புறம் அளந்து கிளினிக் கொப்பியில் எழுதி வரச் சொல்லலாம். குளிசைகள் முழுவதையும், நாட்டு மருந்து, ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் அதே அளவு பயன் தரும். சீனி வருத்தக்காரர் மயங்கினால் அந்த இடத்திலேயே சீனி அளக்க வேண்டும். இனிப்புக் கொடுத்து அரை மணி நேரம் கழித்து அளந்து பயனில்லை.

இனி, கருவி வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதோ ஓடும்போதோ மயங்கியவர், படுத்திருக்கும்போது மயங்கியவர், மயங்க முன்னம் நெஞ்சு படபடத்தவர் அல்லது நெஞ்சு நொந்தவர், குடும்பத்தில் 40 வயதுக்கு முன்னம் திடீரென இறந்தவர் உள்ளவர், எக்கோ என்ற இதய ஸ்கானில் இதயத் தசை பலவீனமானவர், இ.சி.ஜி.யில் மாற்றம் உள்ளவர். இவர்களை வார்ட்டில் மொனிட்டரில் வைத்து முழுமையாகப் பார்த்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் காரணம் தெரியாவிட்டால்தான் இந்தக் கருவி. அடுத்த மயக்கத்தைக் காத்திருந்து பதிவு செய்யலாம் என்று சொல்வதற்கு, அடுத்த மயக்கம் உயிரை எடுக்காது என்ற நம்பிக்கை வேண்டும்.

2018இல் வந்த ஐரோப்பிய இருதயவியல் கழகத்தின் வழிகாட்டி, இந்த ஆபத்தான அறிகுறிகள் இல்லாமல் திரும்பத் திரும்ப மயங்குகிறவர்களுக்கு, பற்றரி முடிவதற்குள் இன்னொரு மயக்கம் வரக்கூடும் என்றால், ஆரம்பத்திலேயே வைக்கலாம் என்கிறது. எல்லாப் பரிசோதனையும் செய்து களைத்த பிறகு கடைசியாக வைப்பது என்ற பழைய வழக்கத்தை விட இதுவே எங்கள் எண்ணத்திலும் நல்லது. வலிப்பு மருந்து கொடுத்தும் நிற்காத 'வலிப்பு', காரணம் தெரியாமல் விழுந்து எலும்பு முறிக்கும் முதியவர் ஆகியோருக்கும் அதே வழிகாட்டி இடம் கொடுக்கிறது.

வலிப்பு என்று எழுதப்பட்ட கொப்பிகளை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. மூளைக்கு இரத்தம் 6 முதல் 8 செக்கன் நின்றாலே நினைவு போகும். அப்போது கைகால் உதறும். பார்த்தவர் வலிப்பு என்பார். உதறல் எத்தனை தரம் என்று கேட்க வேண்டும். பத்துக்குக் குறைவென்றால் மயக்கம், இருபதுக்கு மேலென்றால் வலிப்பு என்பது ஓரளவு நம்பக்கூடிய கணக்கு. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால், எழும்பிய பிறகு நெடுநேரம் ஆள் தெரியாமல் குழம்பியிருந்தால் வலிப்பின் பக்கம் சாயும். முகம் வெளிறி, அரை நிமிடத்துக்குள் கண் திறந்து ஆளைத் தெரிந்தால் மயக்கத்தின் பக்கம். கார்பமசபின் போன்ற வலிப்பு மருந்து சிலருக்கு இதயத் துடிப்பையே மெதுவாக்கும் என்பதால் இந்தப் பிழை இரட்டைப் பிழையாகலாம். ஆனால் எவரும் தாங்களாக வலிப்புக் குளிசையை நிறுத்தக் கூடாது.

விழுந்தவருக்கு விழுந்தது தெரியாது. ஆகவே பார்த்தவரை கிளினிக்குக்குக் கூட்டிவர வேண்டும். "என்ன நடந்தது?" என்று கேட்டால் "திடீரென்று விழுந்திட்டார்" என்றுதான் வரும். இப்படிக் கேட்டால் விடை வரும்: "அம்மா, விழமுன்னம் அவர் நிண்டவரோ இருந்தவரோ? முகம் வெளிறினதோ நீலமா வந்ததோ? கண் திறந்திருந்ததோ மூடியிருந்ததோ? எழும்பின உடன உங்களைத் தெரிஞ்சதோ?" கண்ணை இறுக மூடியபடி பத்து, பதினைந்து நிமிடம் கிடந்தார் என்றால் அது இதயமும் வலிப்பும் அல்லாமல் மனப்பாரத்தால் வந்ததாக இருக்கலாம். அதைப் பொய் நடிப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

கருவியும் அதை வைக்கும் விதமும்

அதிகம் அறியப்பட்ட ரிவீல் லிங்க் என்ற கருவி சுமார் 45 மில்லிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிமீற்றர் தடிப்பு. நிறை 2.5 கிராம். பற்றரி சுமார் 3 ஆண்டு. அதற்குப் பின் வந்த லிங்க் இரண்டு நாலரை ஆண்டு. இரண்டு முனைகளிலும் உள்ள மின்வாய்களுக்கு இடையே ஒற்றை இ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டே இருக்கும். பழையது அழிந்து புதியது எழுதப்படும். ஏதாவது நிகழ்வு பிடிபட்டால் மட்டும் அந்தத் துண்டு சேமிக்கப்படும். கம்பி இதயத்துக்குள் போவதில்லை. கரண்ட் அடிக்காது. துடிப்பைத் திருத்தாது. பிரசரை அளக்காது. இந்தக் கடைசி இரண்டையும் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்.

இடது பக்கம், நெஞ்செலும்புக்கு அருகே, நாலாம் விலா இடைவெளியில், எலும்புக்கு 45 பாகை சரிவாக வைப்பது வழமை. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்து, லிக்னோகேயின் விறைப்பு ஊசி போட்டு, தோலைக் கிள்ளிப் பிடித்து ஒரு சென்ரிமீற்றருக்குள் கீறி, கருவியோடு வரும் குழாயால் தோலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். பத்து, பதினைந்து நிமிட வேலை. விறைப்பு மருந்தைக் கீறும் இடத்தில் மட்டும் போட்டால் தள்ளும்போது நோகும். கருவி போகும் பாதை முழுவதும் போட வேண்டும்.

கீறலை மூட முன்னம் ஆர் அலையின் (ஒவ்வொரு துடிப்புக்கும் இ.சி.ஜி.யில் எழும் உயரமான கூர் முனை) உயரம் பார்க்க வேண்டும். 0.2 மில்லிவோல்ட்டாவது இருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஒரு நிமிடம் சோம்பினால் மூன்று ஆண்டுக்கும் தலையிடி. படுத்த நிலையில் மட்டும் பார்க்காமல் இடது பக்கம் திரும்பச் சொல்லியும், ஆழ மூச்செடுக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். அலை மிகச் சின்னதாகினால் அப்போதே இடத்தை மாற்றுவது சுகம். கொழுப்புக்குள் ஆழமாகப் போனாலும் அலை சின்னதாகும். கருவி இருக்கும் தோலடிப் பை, அதாவது பொக்கற், தேவைக்கு மேல் பெரிதானால் கருவி உள்ளே ஆடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிரல் குடிக்கிறவர்கள் முதலே சொல்ல வேண்டும். சீனி கூடியிருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்துவது நல்லது. எங்கள் வெக்கையில் வியர்வைதான் காயத்துக்கு எதிரி. தையல் அல்லது ஒட்டு ஆறும் வரை, ஒரு வாரம் போல, கிணற்றில் வாளியால் அள்ளி நெஞ்சில் ஊற்றிக் குளிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே குளித்து மேலே துடைக்கலாம். சந்தனம், மஞ்சள், விபூதி காயத்தில் படக் கூடாது. தாலிக்கொடி சரியாக அந்த இடத்தில் வந்து உரசும். காயம் ஆறும்வரை பின்பக்கம் தள்ளிக் கட்டலாம், அல்லது துணி வைத்து மூடலாம். சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் களிம்பு வாங்காமல் நேரே வைத்த இடத்துக்குப் போக வேண்டும்.

பட்டனும் கொப்பியும்

கருவி நீண்ட இடைநிறுத்தம், மிக மெதுவான துடிப்பு, மிக வேகமான துடிப்பு ஆகியவற்றைத் தானாகப் பிடிக்கும். ஆனால் ஆள் மயங்கும்போது துடிப்பு சாதாரணமாகவே இருந்தால், கருவிக்கு அது ஒரு நிகழ்வே அல்ல. சேமிக்காது. துடிப்பு சரியாக இருந்தது என்ற செய்தியோ மிகப் பெரிய செய்தி. இதயத் தாளத்தைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு பிரசர், வலிப்பு, மனம் என்று தேட அது வழி திறக்கும். பட்டன் அழுத்தாவிட்டால் அந்தச் செய்தி கிடைக்கவே கிடைக்காது.

ரிவீல் லிங்கோடு கையடக்கமான ஒரு பட்டன் கருவி தருவார்கள். நெஞ்சில் கருவி இருக்கும் இடத்துக்கு மேலே பிடித்து அழுத்தி, பதிவானதைக் காட்டும் அடையாளம் வரும்வரை எடுக்கக் கூடாது. அழுத்துவதற்கு முந்திய ஆறரை நிமிடமும் பிந்திய ஒரு நிமிடமும் சேமிக்கப்படும். இப்படி ஏழரை நிமிடத் துண்டுகள் நாலைத்தான் கருவி வைத்திருக்கும். விழுந்தவரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஓட்டோ பிடித்து, வைத்தியசாலை வாசலில் ஞாபகம் வந்து அழுத்தினால் மயக்கம் அந்த ஆறரை நிமிடத்துக்குள் இல்லை. தனியாக வாழ்கிறவர், மயக்கம் தெளிந்து எழும்ப நேரம் எடுக்கிறவர் என்றால் 15 நிமிடத் துண்டு இரண்டாகவோ 10 நிமிடத் துண்டு மூன்றாகவோ அமைத்துத் தரும்படி கேட்க வேண்டும். வீட்டுக்குப் போக முன்னம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நாலு துண்டுதான் என்பதால், சின்னத் தலைச்சுற்று ஒவ்வொன்றுக்கும் அழுத்தினால் ஐந்தாவது அழுத்தலில் முதலாவது அழியும். தரவு எடுக்கப்படும் முன் அழிந்தது திரும்பி வராது. நினைவு போனால், போகப் பார்த்தால் அழுத்துவது. வேலைக் களைப்புக்கு அழுத்துவதில்லை. கன்ஃபேர்ம் ஆர்எக்ஸ் போன்ற கருவிகளில் பட்டன் கைபேசியில் இருக்கும். அங்கே கைபேசியில் சார்ஜ் இருப்பதும், புளூரூத் திறந்திருப்பதும், ரகசிய இலக்கம் தெரிந்த இன்னொருவர் வீட்டில் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

பட்டனை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்துவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் குறை. அது ஆளோடு போக வேண்டும்: சட்டைப் பையில், கைப்பையில், கடற்கரைக்குப் போனால் தண்ணீர் புகாத பொலித்தீனில். யார் அழுத்துவது என்று வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அயலில் ஒருவருக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

கூடவே ஒரு கொப்பி. திகதி, கைபேசியில் பார்த்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், முன்னம் என்ன உணர்ந்தார், எவ்வளவு நேரம், பார்த்தவர் யார், அன்று குடித்த குளிசை. இத்தனையும் நாலு வரிக்குள் வரும். பதிவில் 19ஆம் திகதி மாலை 5.42க்கு இடைநிறுத்தம் இருக்கும். கொப்பியில் "ஆவணி கடைசியில ஒருநாள் பின்னேரம்" என்று இருந்தால் இரண்டையும் சேர்க்க முடியாது. சேர்க்க முடியாத பதிவை வைத்து ஒருவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவி) வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டி வருவது கொடுமை.

ஆள் விழுந்தால் முதலில் பட்டன் அல்ல, ஆள்தான். மட்டமாகக் கிடத்தி, காலை உயர்த்தி, மூச்சும் நாடியும் பார்க்க வேண்டும். கதிரையில் தூக்கி இருத்தினால் மூளைக்கு இரத்தம் போவது பிந்தும். நினைவில்லாதவரின் வாய்க்குள் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. கைக்குள் இரும்புத் திறப்பைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்க வேண்டும். அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பதிவைப் படிக்கும்போது

'இடைநிறுத்தம் 5 செக்கன்' என்று கருவி எழுதியதை அப்படியே நம்பினால் பிழை நடக்கும். பொய் இடைநிறுத்தங்கள் நிறைய வரும். உண்மையான நிறுத்தத்தில் கடைசி ஆர் அலைக்குப் பின்னால் அதே துடிப்பின் முடிவில் வரும் சிறு மேடான ரி அலை ஒழுங்காக வரும், பிறகு கோடு மட்டமாகப் போகும், திரும்பத் தொடங்கும்போது அலை பழைய உயரத்திலேயே அல்லது வேறு வடிவத்தில் வரும். பொய் நிறுத்தத்தில் ஆர் அலைகள் மூச்சோடு படிப்படியாகச் சிறுத்து, கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் போய், திரும்பப் பெருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த வெறுமைக்குள் குட்டி ஆர் அலைகள் ஒழுங்கான இடைவெளியில் நடந்துகொண்டிருக்கும். இரவில் இடப் பக்கம் சரிந்து படுக்கும் நேரங்களில் இது கூடும். வைத்த முதல் வாரங்களில் கருவி பொக்கற்றுக்குள் ஆடித் தொடர்பு விட்டாலும் கோடு திடீரென விழுந்து நெளிந்து திரும்பும். அகலமான கூடுதல் துடிப்பை எண்ணாமல் விட்டும் கருவி நிறுத்தம் என்று எழுதும்.

உண்மையான நிறுத்தம் என்றால் அடுத்த கேள்வி, எப்படி நின்றது. துடிப்பு சில நிமிடமாகப் படிப்படியாக மெதுவாகி, பிறகு நின்று, பிறகு மெதுவாகவே எழும்பினால் நரம்புவழி மயக்கம், அதாவது இதயம் நல்லதாக இருக்க நரம்பின் தூண்டலால் துடிப்பும் பிரசரும் இறங்கி வருவது. துடிப்பு ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்க, பி அலைகள் (இதயத்தின் மேல் அறைகளின் சிறு அலைகள்) தனியே நடக்க, ஆர் அலைகள் மட்டும் திடீரென விடுபட்டால் அது இதயத்தின் மின்பாதை அடைப்பு. அதற்குப் பேஸ்மேக்கர்தான் வைத்தியம், வயது பார்ப்பதில்லை. பி அலை இந்தக் கருவிகளில் சின்னதாகத்தான் தெரியும் என்பதால் கோட்டைப் பெரிதாக்கிப் பொறுமையாகத் தேட வேண்டும்.

நரம்புவழி நிறுத்தத்துக்கு எல்லாருக்கும் பேஸ்மேக்கர் இல்லை. 2012இல் வெளியான இஷூ மூன்று என்ற ஆய்வு, 40 வயதுக்கு மேற்பட்டு, மயக்கத்தோடு 3 செக்கனோ மயக்கமின்றி 6 செக்கனோ நின்ற பதிவு உள்ளவர்களை எடுத்தது. பேஸ்மேக்கரை இயக்கியவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 25 வீதமானோர் திரும்ப மயங்கினார்கள். இயக்காமல் வைத்திருந்தவர்களில் 57 வீதம். பயன் உண்டு, முழுப் பயன் இல்லை. பிரசர் இறங்குவதைப் பேஸ்மேக்கர் தடுக்காது என்பதே அதற்குக் காரணம். நித்திரையில் 3 செக்கன் நின்றதை மட்டும் காட்டி, பகலில் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. நித்திரையில் குறட்டையோடு மூச்சு நிற்கிறவர்களுக்கும் நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கும் அப்படி வரும்.

முதலே கேட்டு முடிவெடுக்க வேண்டியவை

பொருத்த முன்னம் இருதய கிளினிக்கில் கேளுங்கள்: பதிவை யார் இறக்கிப் படிப்பார், எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை? இரவில் கட்டிலருகே வைக்கும் அனுப்பும் கருவி கிடைக்குமா, வீட்டில் கைபேசிச் சிக்னல் அதற்குப் போதுமா? பழுதானால் யாரிடம் சொல்வது? காசு முழுவதும் எவ்வளவு, பட்டனும் அனுப்பும் கருவியும் அதற்குள் அடங்குமா? நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வர வேண்டியவருக்கு, மயக்கம் வந்த பின் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று எழுதியே கொடுக்க வேண்டும். கொழும்பில் பொருத்திக்கொண்டு வந்து இங்கே பதிவு இறக்க ஆளில்லாமல் நிற்பதை விட, இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் வரை பொறுப்பது மேல்.

காரணம் தெரியும் வரை மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை, கடலுக்குத் தனியாகப் போவதில்லை, பனை ஏறுவதில்லை, கட்டில்லாத கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை, குளியலறைக் கதவை உள்ளே பூட்டுவதில்லை. சீவல் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இது வருமானத்தை நிறுத்துகிற பேச்சு என்பதை வைத்தியரும் வீட்டுக்காரரும் உணர்ந்து, பரிசோதனைகளை விரைவாக முடித்துக்கொடுக்க வேண்டும். வேலை மாறி நிலத்தில் செய்யக்கூடியது என்ன என்று அதே நாளில் கதைத்துவிடுவது நல்லது.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று அனுமதித்த கருவிகளே இப்போது பெரும்பாலும் வைக்கப்படுகின்றன. ஆனாலும் கருவி அட்டையைக் காட்டி உறுதிசெய்து, எடுக்க முன்னம் பதிவை இறக்கிவிட வேண்டும். காந்தப் புலத்தில் கருவி பொய் நிகழ்வுகளை எழுதி உண்மையானதை அழித்துவிடலாம். அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள், படத்தைக் கைபேசியிலும் வையுங்கள்.

காரணம் கிடைத்தாலோ பற்றரி முடிந்தாலோ, வைத்தது போலவே விறைப்பு ஊசி போட்டுச் சிறு கீறலில் எடுத்துவிடலாம். பற்றரி முடிய முன்னம் கடைசி முறையாகப் பதிவு முழுவதையும் இறக்கி, ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியோடு ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வைத்தியர் கேட்பது அதைத்தான்.